இறக்கத்துக்கு ஒரு சீட்: கோத்தகிரி – மேட்டுப்பாளையம் சாலையில் ஒரு நிகழ்வு ஆய்வு

பைக்கின் சீட்டை மாற்ற வருபவர்கள் முதலில் கேட்பது இரண்டுதான்: பார்க்க நன்றாக இருக்க வேண்டும், உட்கார மெத்தென்று இருக்க வேண்டும். சமவெளியில் இது ஓரளவு செல்லும். நீலகிரியில் செல்லாது. இங்கே ஒரு சீட் நல்லதா கெட்டதா என்பது மலை இறங்கும்போதுதான் தெரியும். மெத்தென்று இருப்பதைவிட அதன் சாய்வு எத்தனை டிகிரி, மேலுறை வழுக்குமா, தையல் வழியே தண்ணீர் இறங்குமா என்பவைதான் இங்கே முக்கியம். குஷன் கடைகளுக்குத் திரும்பத் திரும்ப வரும் குறைகளை ஒரே வண்டி, ஒரே ஓட்டுநர், ஒரே பாதை என்று மாதிரியாக வைத்து இந்த ஆய்வு எழுதப்பட்டுள்ளது.

வண்டி, ஆள், பாதை

வண்டி ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. நிறுவனம் தரும் சீட் உயரம் 805 மி.மீ. முன் சீட்டும் பின் சீட்டும் தனித்தனி. ஓட்டுநரின் உயரம் 168 செ.மீ., எடை 82 கிலோ. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் காய்கறி மண்டிக்கு வாரத்தில் பல நாள் போய்வருபவர். சில நாள் பின்னால் மனைவி, புடவையில், ஒருபக்கமாக உட்கார்ந்து வருவார்.

பாதை அரவேனு, குஞ்சப்பனை வழியாகச் சுமார் 33 கி.மீ. கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மேட்டுப்பாளையம் 300 மீட்டரை ஒட்டி. அதாவது ஒரே பயணத்தில் 1,500 மீட்டர் இறக்கம். 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி என்ற பொதுக்கணக்கில் பார்த்தால் மேலுக்கும் கீழுக்கும் சுமார் 10 டிகிரி வெப்ப வேறுபாடு. காலைக் குளிரில் விறைத்துக் கிடக்கும் சீட் அடிவாரம் சேரும்போது வெயிலில் காய்கிறது. ஃபோமும் ரெக்சினும் இதற்கு வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும்.

முதலில் வாங்கிய சீட்

கம்பெனி சீட்டின் ஃபோம் சில வருட ஓட்டத்தில் அமுங்கிப்போனதால் ஓட்டுநர் வெளியே ஒரு சீட் வாங்கினார். பழுப்பு நிறம், மேல்பரப்பு முழுக்க வைரக்கட்டத் தையல், பின்புறம் முதுகைத் தாங்குவது போல் மேலெழும் வளைவு. வண்டிக்கு அழகாகவே இருந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறைகள் ஓட்டத்தில்தான் வந்தன. இறங்கும்போது உடல் டேங்கை நோக்கிச் சரிகிறது. மணிக்கட்டும் தோளும் வலிக்கின்றன. மேட்டுப்பாளையம் சேர்வதற்குள் இரு புட்டங்களுக்கு அடியில் குத்துவலி. மழை நின்று மறுநாள் உட்கார்ந்தாலும் பேன்ட் நனைகிறது. பின்னால் இருப்பவரோ ஒவ்வொரு பிரேக்குக்கும் முன்னால் வந்து மோதுகிறார்.

வலி எந்த இடத்தில் என்று கேட்டாலே காரணத்தில் பாதி தெரிந்துவிடும். இரண்டு புள்ளிகளாகப் புட்டத்தின் அடியில் வலித்தால், அமரும் எலும்பு முனைகள் ஃபோமைக் கடந்து, அதற்கு அடியில் உள்ள கெட்டியான அடித்தட்டைத் தொடுகின்றன. வால் எலும்பில் வலித்தால், இடுப்பு பின்னால் உருண்டு உட்கார வைக்கும் பள்ளமோ பின்வளைவோ காரணம். தொடையின் உட்புறம் மரத்துப்போனால் சீட்டின் ஓரம் அகலமாகவும் கூராகவும் இருக்கிறது. மணிக்கட்டிலும் தோளிலும் வலித்தால், ஹேண்டில்பாரைக் குறை சொல்லும் முன் சீட்டின் முன்சாய்வை அளக்க வேண்டும். இந்த ஓட்டுநருக்கு முதலாவதும் கடைசியும் சேர்ந்தே இருந்தன.

சீட்டைக் குற்றவாளியாக்கும் முன் பார்க்க வேண்டிய இரண்டு உண்டு: டயர் காற்று, பின் ஷாக் அப்சார்பர். இந்த வண்டியில் பின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை ஆறு படிகளில் மாற்றலாம். இருவர் பயணத்துக்கு இறுக்கி வைத்துவிட்டுத் தனியாக ஓட்டினால் ஒவ்வொரு குழியும் முதுகில் இறங்கும். அதோடு வண்டியின் பின்பகுதி சற்று தூக்கி நின்று சீட்டின் முன்சாய்வையும் கூட்டும். இங்கே அப்படித்தான் வைக்கப்பட்டிருந்தது. தனியாக ஓட்டும் நிலைக்குத் தளர்த்தியதும் குலுக்கல் குறைந்தது, சரிவு குறையவில்லை. இனி மிச்சம் சீட்டுதான்.

சாய்வை அளந்தது

சமதரையில் இரு சக்கரமும் தரையில் இருக்க, ஒருவர் வண்டியை நேராகப் பிடித்துக்கொள்ள வேண்டும். மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி அளந்தால் வண்டியின் சாய்வே மாறிவிடும். 30 செ.மீ. மர அளவுகோலைச் சீட்டின் நடுக்கோட்டில் நீளவாக்கில் வைத்து, அதன் மேல் கைப்பேசியின் மட்டம் பார்க்கும் செயலியை வைத்தால் டிகிரி தெரியும். ஃபோம் அமுங்கும் என்பதால் ஓட்டுநர் சில நிமிடம் உட்கார்ந்து எழுந்தவுடன் இன்னொரு முறை பார்ப்பது நல்லது.

இந்தச் சீட் 6 டிகிரி முன்னால் சாய்ந்திருந்தது. சாலை 7 சதவீத இறக்கம் என்று வைத்துக்கொண்டால் அது சுமார் 4 டிகிரி. இரண்டும் சேர்ந்து 10. பிரேக்கே பிடிக்காமல் ஒரே வேகத்தில் இறங்கினாலும் 82 கிலோ எடையில் 14 கிலோ அளவுக்கு விசை ஆளை டேங்க் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். சீட்டின் சாய்வு 1 டிகிரியாக இருந்தால் இதே இறக்கத்தில் அது 7 கிலோ. கால்கள் ஃபுட்ரெஸ்டில் தாங்குவதைக் கழித்தாலும் விகிதம் இதேதான்: பாதிக்குப் பாதி. ஒரு முறை பிரேக் பிடிக்கையில் வரும் தள்ளலை எவரும் தாங்கிக்கொள்வார்கள். மலை முழுக்க விடாமல் தள்ளும் இந்த விசைதான் மணிக்கட்டைத் தீர்க்கிறது.

இதற்குச் சிலர் சொல்லும் தீர்வு சீட்டின் முன்னால் ஒரு மேடு வைப்பது. மேடு தடுக்கும், ஆனால் தடுக்கும் இடம் தவறு: எடை முழுக்கத் தொடையிடுக்கில் விழும். சாய்வைக் குறைப்பதே வழி.

கழற்றிப் பார்த்ததில்

மேலுறையைப் பிரித்ததும் மீதிக் காரணங்கள் தெரிந்தன. அமரும் இடத்தில் 40 மி.மீ. சாதாரண ஃபோம், அதன் மேல் 20 மி.மீ. மெமரி ஃபோம். முஷ்டியால் அழுத்தினால் அடித்தட்டு கைக்குத் தட்டுப்பட்டது.

ஃபோமின் அடர்த்தியும் விறைப்பும் வேறு வேறு. அடர்த்தி அது எத்தனை நாள் உழைக்கும் என்பதைச் சொல்லும். விறைப்பு உட்காரும்போது எவ்வளவு எதிர்த்துத் தாங்கும் என்பதைச் சொல்லும். கடையில் விரலால் அமுக்கிப் பார்த்தால் இரண்டுமே சரியாகத் தெரியாது. அடர்த்தியை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். 10 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 5 செ.மீ. கனத்தில் ஒரு துண்டு வெட்டிச் சமையலறைத் தராசில் வைத்தால், 30 கிராம் என்பது கன மீட்டருக்கு 60 கிலோ அடர்த்தி. 16 கிராம் என்றால் 32 கிலோ. தினசரி ஓட்டத்துக்கு 50-க்குக் குறையாமல் வைத்துக்கொள்வது நல்லது. வெட்டுத்துண்டுகளை ஒட்டிச் செய்யும் ரீபாண்டட் ஃபோம் 80-க்கும் மேலே போகும். அது அடியில் போடும் அடுக்கு. நேராக அதன் மேல் உட்கார்ந்தால் கட்டைதான்.

மெமரி ஃபோம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்பனையில் அதிகம் புகழப்படுவது அதுதான். உடல் சூட்டில் இளகி உருவம் வாங்கிக்கொள்வது அதன் குணம். குளிரில் அதே பொருள் விறைத்துவிடும். மார்கழி, தை மாதங்களில் ஊட்டி, தலைகுந்தா பக்கம் உறைபனி விழும் காலையில் வெளியே நின்ற வண்டியில் ஏறினால் முதல் சில கிலோமீட்டர் பலகையில் உட்கார்ந்தது போலத்தான் இருக்கும். பிறகு இளகி, அடிவாரச் சூட்டில் தேவைக்கு மேல் அமுங்கிவிடும். மலையிலேயே இருப்பவர்கள் அதை மேல் அடுக்காகப் போடாமல் இருப்பது நல்லது. ஜெல் பட்டைக்கு வேறு சிக்கல்: குளிரையும் வெயிலையும் வாங்கி நெடுநேரம் வைத்துக்கொள்ளும். குளிரில் நின்ற வண்டியில் அது தன் குணத்தை முதல் நிமிடத்திலேயே காட்டிவிடும்.

ஈரத்துக்குக் காரணம் தையல். வைரக்கட்டத்தின் ஒவ்வொரு ஊசித்துளையும் ஒரு வாசல். கட்டங்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் தண்ணீர் தங்கும், உட்கார்ந்ததும் அந்த எடையே தண்ணீரைத் துளை வழியே உள்ளே அழுத்தும். ஃபோம் பஞ்சு மாதிரி குடித்துக்கொள்ளும், வெளியே விடாது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கோத்தகிரி, குன்னூர் பக்கம்தான் கொட்டும். இடையில் வெயில் வந்தாலும் மூடுபனி காய விடாது. சீட்டின் மேல் தொட்டால் காய்ந்திருக்கும், உட்கார்ந்தால் நனையும். அடித்தட்டில் இருந்த வடிதுளையை ரெக்சின் மடிப்பு மூடியிருந்தது இன்னொரு கோளாறு.

உடலை அளந்தது

புதிய சீட் பார்க்கும் முன் இரண்டு அளவு தேவை. ஒன்று, அமரும் எலும்பு முனைகளின் இடைவெளி. கெட்டியான பெஞ்சில் நெளி அட்டையை வைத்து, காலைச் சற்று உயர்த்திச் சில நிமிடம் உட்கார்ந்து எழுந்தால் இரண்டு பள்ளங்கள் பதியும். அவற்றின் நடுப்புள்ளிகளுக்கு இடையே இந்த ஓட்டுநருக்கு 125 மி.மீ. சீட்டின் தட்டையான பகுதி இதைவிட இருபுறமும் தாராளமாக அகன்றிருக்க வேண்டும். மேல்பரப்பு குவிந்த சீட்டில் முனைகள் சரிவில் உட்காரும். முதலில் வாங்கிய சீட் அகலமாகத்தான் இருந்தது, ஆனால் நடு குவிந்திருந்தது. வெளியே பார்த்த அகலத்தில் பயனில்லை.

இரண்டாவது, கால் எட்டும் தூரம். இதில் சீட் உயரத்தை மட்டும் பார்த்தால் போதாது. கால் நேராக இறங்குவதில்லை, சீட்டின் முன்னோரத்தைச் சுற்றிக்கொண்டு இறங்குகிறது. அந்தச் சுற்று நீளமானால் உயரம் அதேதான் இருந்தும் குதிகால் எட்டாது. மலையில் இது சாதாரண விஷயமல்ல. மலைச்சாலையில் ஏறிவரும் வண்டிக்கு வழிவிட வேண்டியது இறங்குபவர்தான். கொண்டை ஊசி வளைவில் பேருந்து ஏறும்போது பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், சாலையோ ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அந்தத் தாழ்ந்த பக்கத்தில் கால் 20 மி.மீ. எட்டாமல் போனாலும் 195 கிலோ வண்டி அப்படியே சாய்ந்துவிடும்.

தேர்வில் இருந்தவை

காற்றுப்பை மெத்தை மலிவு, உடனடி நிவாரணமும் தரும். நீண்ட நேர் சாலைக்கு நல்லது. வளைவுக்கு வளைவு உடலை நகர்த்தும் மலையில் அது சீட்டின் மேல் இன்னொரு சீட்டாக மிதக்கும், உயரத்தையும் கூட்டும். முதலில் நீக்கப்பட்டது அது.

ஃபைபர் அடித்தட்டு போட்டு முழுக்கப் புதிதாகச் செய்யும் கஸ்டம் சீட் தோற்றத்தில் முன்னணியில் நிற்கும். பொருத்தம்தான் பயம். சட்டகத்தின் கொக்கியில் மாட்டும் முன் நாக்கு போகும் இடம், தட்டின் அடியில் எடை தாங்கும் ரப்பர் புஷ் உட்காரும் இடம், பூட்டு அல்லது போல்ட் துளை மூன்றும் ஒரே நேரத்தில் சரியாக அமைய வேண்டும். ஃபைபர் மெலிதாக இருந்தால் புஷ் உள்ள இடங்களில் விரிசல் விடும். தகரத் தட்டாக இருந்தால் அபாயம் வேறு: சீட் அமுங்கித் தட்டு பேட்டரி முனையைத் தொட்டால் ஷார்ட்.

கம்பெனித் தட்டின் மேலேயே ஃபோம் மாற்றி உறை போடுவது செலவு குறைந்த, பொருத்தம் கெடாத வழி. நல்ல கைவேலைக்காரர் கிடைத்தால் இதைவிட வேறெதுவும் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. இங்கே பழைய கம்பெனித் தட்டு உடைந்திருந்ததால் நான்காவது வழி எடுக்கப்பட்டது: அச்சில் வார்த்த ஃபோமுடன் வரும் ஆயத்த டூரிங் சீட் ஒன்றை வாங்கி, அதை ஆளுக்கேற்பத் திருத்துவது.

வாங்கும் இடத்திலேயே அளவுகோலும் கைப்பேசியும் வைத்துப் பார்த்ததில் சாய்வு 2 டிகிரிக்குள் இருந்தது. அமரும் இடம் தட்டை, ஃபோம் 65 மி.மீ. முஷ்டிக்கு அடித்தட்டு தட்டுப்படவில்லை. ஓட்டுநர் அசையாமல் அரை மணி உட்கார்ந்து பார்த்தார். கடைக்காரர்கள் இதை விரும்ப மாட்டார்கள். இருந்தாலும் கேட்க வேண்டும். இரண்டு நிமிடச் சோதனையில் ஜெயிப்பது எப்போதும் மெத்தென்ற ஃபோம்தான். குறை ஒன்று: சீட் 15 மி.மீ. கூடுதல் உயரம், தொடை இறங்கும் முன்பக்க ஓரங்களான முன்தோள்கள் அகலம்.

திருத்தம்

உயரத்தைக் குறைக்க நடு ஃபோமைச் சீவுவதுதான் பலர் செய்வது. அப்படிச் செய்தால் வாங்கிய தாங்குதிறன் போய்விடும். இங்கே நடுவைத் தொடாமல், தொடை இறங்கும் முன்தோள் இரண்டும் ஒவ்வொரு பக்கம் 20 மி.மீ. அளவுக்கு உருட்டிச் சீவப்பட்டன. ஹேக்ஸா பிளேடால் முதல் வெட்டு, பிறகு 60-ஆம் எண் உப்புக்காகிதத்தால் தேய்ப்பு. குதிகால் தரையைத் தொட்டது, எலும்பு முனைக்கடியில் 65 மி.மீ. அப்படியே இருந்தது.

மீதமிருந்த 2 டிகிரியைக் குறைக்க அடித்தட்டுக்கும் ஃபோமுக்கும் நடுவே, முன்பக்கம் 8 மி.மீ. கனத்தில் தொடங்கிப் பின்னால் ஒன்றுமில்லாமல் தேயும் ஆப்பு வடிவ ரீபாண்டட் துண்டு வைக்கப்பட்டது. பசை ஓரங்களில் மட்டும், மெலிதாக. பரப்பு முழுக்கப் பசையைக் கொட்டினால் அது காய்ந்து ஓர் ஓடு போல விறைக்கும், உட்காரும்போதெல்லாம் கிறீச்சிடும். இரு துண்டுகள் சேரும் கோடு எலும்பு முனைக்கு நேர் கீழே வரக் கூடாது.

உறையும் தோற்றமும்

ஓட்டுநருக்கு வைரக்கட்டமும் பழுப்பு நிறமும் வேண்டும் என்ற ஆசை விடவில்லை, விட வேண்டியதும் இல்லை. கட்டத்தையல் எங்கே வரலாம் என்பதுதான் கேள்வி. உட்காரும் மேல்பரப்பு தையலே இல்லாத ஒரே துண்டு, சிறு மணிப்புள்ளி பதித்த ரெக்சின். வைரக்கட்டம் பக்கவாட்டிலும் பின்முகத்திலும் மட்டும். அங்கே தண்ணீர் தங்காது, பார்ப்பவர் கண்ணும் பக்கவாட்டில்தான் விழும். மேல்துண்டும் பக்கத்துண்டும் சேரும் தையலில் பைப்பிங் (விளிம்பில் கயிறுபோல் ஓடும் உருண்டைப் பட்டை) வைத்து, உட்புறம் தையல் மேல் நாடா ஒட்டப்பட்டது. நூல் பாலியஸ்டர். பருத்தி நூல் ஈரத்தில் மக்கி விட்டுப்போகும்.

பொருளில் மூன்று தெரிவுகள். அசல் தோல் கோத்தகிரி ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், மாதாமாதம் பராமரிக்க நேரமுள்ளவர்களுக்கே அது. பியூ லெதர் என்ற செயற்கைத் தோல் கைக்கு மிருது, ஆனால் ஈரக்காற்றில் மேல்பூச்சு சிதைந்து செதில் செதிலாக உரியும் இயல்புடையது. கனமான பிவிசி ரெக்சின் கவர்ச்சி குறைவு, மழையைத் தாங்கும். எடுத்தது அதுதான். இளம்பழுப்பில் புது ஜீன்ஸின் நீலச் சாயம் நனைந்தால் ஏறிக்கொள்ளும், பிறகு போகாது. அதனால் மேல்துண்டு கரும்பழுப்பு, பக்கம் இளம்பழுப்பு. பளபளப்பான ரெக்சின் வேண்டவே வேண்டாம். ரெயின்கோட் போட்டுக்கொண்டு அதில் உட்கார்ந்து இறங்கிப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

உறை இழுக்கும் வேலையைக் குளிர்காலையில் செய்யக் கூடாது. பிவிசி விறைத்திருக்கும், பிறகு வெயில் பட்டதும் தளர்ந்து சுருக்கம் விழும். வெயிலில் கொஞ்ச நேரம் போட்டு வைத்து, இளகியதும் முன்பக்க நடுவில் ஒரு ஸ்டேப்ளர் பின், பின்பக்க நடுவில் ஒரு பின், பிறகு இடமும் வலமும் எதிரெதிராக என்று நடுவிலிருந்து ஓரத்துக்குப் போக வேண்டும். பின்களுக்கு இடையே 10 முதல் 15 மி.மீ. துருப்பிடிக்காத பின்தான் இந்த ஊருக்கு. வடிதுளைக்கு மேல் வந்த மடிப்பு வெட்டி நீக்கப்பட்டது.

பின் சீட்

புடவையில் ஒருபக்கமாக உட்காருபவருக்குக் குவிந்த பின் சீட் ஆபத்து. தட்டையான, முன்சாய்வு இல்லாத பின் சீட் தனியாக எடுக்கப்பட்டது. முன் சீட்டைவிட அது அதிகம் உயர்ந்திருந்தால் இறக்கத்தில் பின்னவர் எடை முழுக்க ஓட்டுநர் முதுகில் வரும். பல அழகுச் சீட்டுகளைப் பொருத்தும்போது கைப்பிடியும் புடவைக் காப்பும் கழற்றி ஓரமாக வைக்கப்படுகின்றன. மத்திய மோட்டார் வாகன விதி 123-இன்படி பின்னால் ஆள் ஏற்றும் வண்டிக்குக் கைப்பிடி, கால்வைப்பான், பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் காப்பு மூன்றும் இருந்தாக வேண்டும். அவற்றோடு ஒத்துப்போகாத சீட் எவ்வளவு அழகானாலும் வேண்டாம்.

பொருத்தியதும் சோதித்ததும்

முதலில் முன் நாக்கு கொக்கியில் முழுதாக நுழைந்ததா என்று பார்த்து, பிறகு அழுத்திப் பூட்ட வேண்டும். டேங்கின் பெயின்ட்டுக்கும் சீட்டின் மூக்குக்கும் 3 முதல் 5 மி.மீ. இடைவெளி; ஒட்டி இருந்தால் தூசி நடுவே புகுந்து பெயின்ட்டைத் தேய்த்துவிடும். ரப்பர் புஷ்கள் எல்லாமே சட்டகத்தில் எடை தாங்குகின்றனவா என்பதைப் புஷ் மேல் சாக்பீஸ் தடவிப் பூட்டிக் கழற்றினால் பதிவு காட்டிக்கொடுக்கும். ஒரு புஷ் பதியவில்லை; 2 மி.மீ. ரப்பர் துண்டு வைத்ததும் சரியானது. அதை விட்டிருந்தால் தட்டு நாளடைவில் அந்த மூலையில் உடைந்திருக்கும். ஒயர்கள் எதுவும் தட்டுக்கடியில் நசுங்கவில்லை என்பதையும் பார்த்தாயிற்று.

தண்ணீர்ச் சோதனைக்கு ஒரு குவளை நீரைப் பைப்பிங் ஓரமாக ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு, மேலே துடைத்துவிட்டு, செய்தித்தாள் விரித்து அதன் மேல் ஓட்டுநர் உட்கார்ந்தார். தாள் நனையவில்லை. இதைச் சீட் வாங்கும் அன்றே செய்துவிட வேண்டும், மழை வந்தபின் கடைக்காரரிடம் பேசிப் பயனில்லை. நிறுத்தி வைக்கும்போது மூட நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருப்பதால் நீர்புகாத துணி உறை போதும். அதையும் வெயில் வந்தால் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை வரும்.

சாலைச் சோதனை இறக்கத்தில், முதலில் தனியாக, பிறகு இருவராக. சரிவு ஏறக்குறைய நின்றது, மணிக்கட்டு வலி போனது. புட்டத்தின் குத்துவலி மேட்டுப்பாளையம் வரை வரவில்லை. கோயம்புத்தூர் வரை தொடர்ந்தால் லேசாக வருகிறது. அந்தத் தூரத்துக்கு நடுவே இறங்கிக் கால் நீட்டுவதே மருந்து, ஃபோம் அல்ல. புது ஃபோம் முதல் சில வாரங்களில் கொஞ்சம் படியும், அதன்பின் சாய்வை மறுபடி அளக்க வேண்டும். படியும்போது பின்பகுதியே அதிகம் இறங்கும் என்பதால் சாய்வு எதிர்ப்பக்கம் போனால் வால் எலும்பில் வலி தொடங்கும். அப்போது உறையின் முன்பகுதிப் பின்களை மட்டும் கழற்றி ஆப்பை 5 மி.மீ.க்குத் தேய்த்துக்கொள்ளலாம். அதற்காகத்தான் ஆப்பு மேலே ஒட்டப்படாமல் அடியில் வைக்கப்பட்டது.